ஒன்பது என்றதும் அந்த வகுப்பு ஏன் சிரித்தது?

கேள்வி:

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் தரம் 10க்குத் தமிழ் படிப்பிக்கிறேன். என் வகுப்பில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன், நன்றாகப் பாடுவான். போன வருடம் தமிழ்மொழித் தினப் போட்டி நாடகத்தில் சேலை கட்டி ஒரு தாயாக நடித்தான். அதிலிருந்து அவனுக்கு 'ஒன்பது' என்று, பெண்மை தெரிகிற ஆண்களை இழிவாகக் கூப்பிடுகிற அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். கணித பாடத்தில் விடை ஒன்பது என்று வந்தாலே பின் வாங்கிலிருந்து ஓர் இருமல் வரும், அப்புறம் முழு வகுப்பும் சிரிக்கும். கணித சேரும் ஒரு நாள் புன்னகைத்ததை நான் பார்த்தேன். மேடையில் எடுத்த அவனுடைய படத்தை வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கி வகுப்புக் குழுவில் அனுப்புகிறார்கள். ஒரே தோட்டத்திலிருந்து அவனோடு பஸ்ஸில் வந்துகொண்டிருந்த நண்பன் இப்போது வேறு சீட்டில் போய் உட்காருகிறான். அதிபரிடம் சொன்னேன். "ஆம்பிளப் பசங்க விளையாட்டு, வளர்ந்தா சரியாகிடும்" என்றார்.

அண்மையில் தம்பி வீட்டில் 'க்ளோஸ்' என்ற படத்தைப் பார்த்தேன். அன்றிரவு தூக்கமே இல்லை. அதை என் வகுப்புக்குப் போட்டுக் காட்டலாமா? அல்லது அதே கருவில் நாடகம் எழுதி, அவனையே முக்கிய பாத்திரத்தில் நடிக்க வைக்கலாமா? அவன் உண்மையிலேயே அப்படியா என்று கேட்டுப் பார்க்கவா? இது வயதுக் கோளாறா, மாற்றலாமா? அம்மா வெளிநாட்டில், அப்பா கொழும்பில் கடை வேலை, அம்மாயிதான் வளர்க்கிறார். வீட்டுக்குச் சொல்ல வேண்டுமா? இதைப் பற்றிப் பேசினால் சட்டச் சிக்கல் வருமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்:

அன்பின் டீச்சர்,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் படத்தைப் பற்றிய பகுதியில் மனம் நின்றது. இரண்டாம் தரம் அந்தக் கணித பாடத்து இருமலைத் தாண்டிப் போக முடியவில்லை. நாற்பது பேர் சிரிக்கிற ஒரு வகுப்பில், அந்தச் சிரிப்பு ஒரு பெரியவர் காதில் விழுந்து, அவரை எழுத உட்கார வைத்திருக்கிறது. அந்தப் பையனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவனுக்கே இன்னும் தெரியாது.

கேட்டதற்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். படத்தை இப்போது வகுப்பில் போட வேண்டாம். நாடகமும் இப்போது வேண்டாம், அவனை நடிக்க வைத்து வேண்டவே வேண்டாம். "நீ அப்படியா" என்று அவனிடம் கேட்கவும் வேண்டாம்.

அந்தப் படத்தை நானும் பார்த்திருக்கிறேன். லூக்கஸ் தோன்ட் இயக்கிய பெல்ஜியப் படம், 2022இல் கான் திரைப்பட விழாவில் கிராண்ட் ப்ரீ பெற்றது. லேயோ, ரெமி என்று பதின்மூன்று வயதுப் பையன்கள் இருவர். லேயோவின் வீட்டார் பூ வளர்ப்பவர்கள். அந்தப் பூந்தோட்டத்தில் ஓடித் திரிந்து, ஒரே கட்டிலில் படுத்துக் கதை பேசி வளர்ந்தவர்கள். புதிய பாடசாலைக்குப் போனதும் கூடப் படிக்கிற பெண் பிள்ளைகள், "நீங்கள் இரண்டு பேரும் ஜோடியா?" என்று கேட்கிறார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு லேயோ கொஞ்சம் கொஞ்சமாக விலகுகிறான். ஐஸ் ஹொக்கி விளையாடும் பையன்களோடு சேருகிறான். ஒரு நாள் காலையில் ரெமிக்காகக் காத்திராமல் தனியே சைக்கிளில் போய்விடுகிறான். பிறகு ரெமி தன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். அந்தப் பிள்ளைகள் தன்பால் ஈர்ப்பு உள்ளவர்களா இல்லையா என்று படம் கடைசிவரை சொல்வதே இல்லை.

அந்தப் படத்தின் சைக்கிளும் உங்கள் கடிதத்தின் பஸ் சீட்டும் ஒன்றுதான் என்று உங்களுக்குப் பட்டிருக்கும். அதனால்தான் தூக்கம் வரவில்லை. ஆனால் நீங்கள் அதைத் தம்பி வீட்டில், உங்களுக்கு நெருக்கமானவர்களோடு பார்த்தீர்கள். அவன் பார்க்கப்போவது தன்னைப் பகிடி பண்ணுகிறவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து. திரையில் அந்த 'ஜோடியா' என்ற கேள்வி வரும் நொடியில் எத்தனை தலை அவன் பக்கம் திரும்பும் என்று நினைத்துப் பாருங்கள். அவன் எங்கே பார்ப்பான்? அதைவிடப் பயமான விஷயம் ஒன்றும் இருக்கிறது. ஒதுக்கப்பட்ட பையன் கடைசியில் செத்துப் போகிற கதையை, அதே நிலையில் இருக்கிற ஒரு பிள்ளைக்கு முன்னால் நாம் கொண்டுபோய் வைக்கிறோம். அவன் மனதில் ஏற்கெனவே அந்த நினைப்பு இருக்கிறதா என்று நமக்கு இன்னும் தெரியாது.

இதை நான் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. உளவளத்துணை வேலைக்கு வந்த புதிதில், ஊவாப் பக்கம் ஒரு பாடசாலையில் இதே மாதிரி ஒரு பையனுக்காக வகுப்பில் பேசச் சொன்னார்கள். வேற்றுமையை மதிப்பது பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். யார் பெயரையும் சொல்லவில்லை. நன்றாகப் பேசினேன் என்றுதான் நினைத்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் மேசையில் பென்சிலால் ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தான், மரம் தும்பு தும்பாக எழும்பிவிட்டது. அடுத்த நாள் அவன் வரவில்லை. அடுத்த தவணையும் வரவில்லை. எனக்காகவா இதெல்லாம் என்று அவனுக்கும் விளங்கிவிட்டது, வகுப்புக்கும் விளங்கிவிட்டது. இன்றைக்கும் அது என் மனதில் கிடக்கிறது. அதனால் உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்: பாடம் அவனைப் பற்றியதாக இருக்கக் கூடாது. அந்தச் சிரிப்பைப் பற்றியதாக இருக்கட்டும்.

சிரிப்பை நிறுத்த முக்கால் மணி நேரம் தேவையில்லை. இருமல் வந்த உடனேயே, குரலை உயர்த்தாமல், "அந்தச் சொல்லால இந்த வகுப்பில யாரையும் கூப்பிடுறதில்ல" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடருங்கள். ஒவ்வொரு தரமும். பத்தாவது தரம் சொல்லும்போதும் முதல் தரம் சொன்ன அதே குரலில் சொல்லுங்கள். அவனைப் பார்த்துக்கொண்டு சொல்லாதீர்கள். இன்னொன்று, நல்ல மனதோடு பலர் செய்கிற பிழை இது: "அவன் அப்படிப்பட்ட பையன் இல்லை, சும்மா சொல்லாதீங்க" என்று அவனுக்காக வாதாடாதீர்கள். அப்படிச் சொன்னால், அப்படி இருப்பது கேவலம் என்று நீங்களும் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அவன் ஒருவேளை அப்படி இருந்தால், வகுப்பில் தனக்கு மிஞ்சியிருந்த ஒரே ஆளும் போய்விட்டதாக நினைப்பான். அவனை விடுங்கள், அந்த நாற்பது பேரில் வேறு யாராவது வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கலாம். அவன் காதிலும், அவள் காதிலும் அது விழும்.

கணித சேருடன் தனியாகப் பேசுங்கள், ஆசிரியர் அறையில் எல்லாரும் இருக்கும்போது வேண்டாம். குற்றம் சாட்டுவதுபோல் தொடங்கினால் அவர் மறுத்துவிடுவார். "சேர், ஒன்பதுன்னு வந்தா பிள்ளைகள் ஏன் சிரிக்கிறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேளுங்கள். அவருக்கு உண்மையிலேயே தெரியாமல்கூட இருக்கலாம். தெரிந்திருந்தால், அடுத்த நாள் அவர் முகத்தில் அந்தப் புன்னகை இருக்காது. ஓர் ஆசிரியரின் புன்னகை, பின் வாங்குக்குக் கிடைக்கிற அனுமதிச் சீட்டு. அது நின்றால் பாதி நின்றுவிடும்.

சிரிக்கிறவர்களில் எல்லாரும் கெட்ட பிள்ளைகள் இல்லை. சிரிக்காவிட்டால் அடுத்தது நான்தான் என்ற பயத்தில் சிரிக்கிறவர்கள் நிறைய. தொடக்கி வைக்கிறவர்கள் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள், யார் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அவர்களை ஒன்றாகக் கூப்பிடாமல் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். ஒன்றாக நின்றால் ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்துத் தைரியமாகிவிடுவான். பிரம்பு வேண்டாம், காலைக்கூட்டத்தில் ஏற்றி ஏசுவதும் வேண்டாம். அந்த அடிக்கு வட்டி சேர்த்து பஸ்ஸிலோ டியூசன் போகிற வழியிலோ அவனிடம்தான் அறவிடுவார்கள். இரண்டு பக்கத்தையும் நிற்க வைத்துக் கைகுலுக்கச் சொல்வதும் வேண்டாம். சண்டை போட்ட இருவருக்கு அது சரி. இங்கே சண்டையே நடக்கவில்லை, ஒருவனைப் பலர் சேர்ந்து நசுக்குகிறார்கள்.

இனி அவனைப் பற்றி.

வரவு இடாப்பை எடுத்து இந்த வருடம் அவன் வராத நாட்களைப் பாருங்கள். எந்தக் கிழமை என்று பாருங்கள். சுகாதாரமும் உடற்கல்வியும் பாடம் இருக்கிற நாள், விளையாட்டுப் பயிற்சி நாள் என்று ஒரு கோலம் தெரியக்கூடும். பகலில் தண்ணீர் குடிக்கிறானா என்றும் கவனியுங்கள். மலசலகூடத்தில் வைத்துத் தொல்லை கொடுப்பார்கள் என்று பயந்து, காலை ஏழரையிலிருந்து பின்னேரம் வீடு போகும்வரை ஒரு மிடறு தண்ணீர் குடிக்காத பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். தலைவலி என்று வருவார்கள். பனடோல் கொடுத்து அனுப்பிவிடுவோம்.

அவனோடு பேசுவதற்கு நல்ல இடம் முக்கியம். தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும். அழுவதற்குக்கூட அந்தப் பிள்ளைக்கு ஓர் இடம் கிடையாது. பாடசாலையில், கண்ணுக்குத் தெரிகிற ஆனால் காதுக்குக் கேட்காத இடமாகப் பாருங்கள். நூலகத்தின் மூலை, விளையாட்டுத் திடலின் படிக்கட்டு. "அவங்க உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுறாங்கன்னு எனக்குத் தெரியும். அது பிழை. உன்மேல ஒரு பிழையும் இல்ல. அதை நிப்பாட்டுறது என் வேலை" என்று சொல்லுங்கள். அவன் பதில் சொல்லாமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். நிற்கட்டும். "எப்ப வேணும்னாலும், எதைப் பத்தி வேணும்னாலும் என்னோட பேசலாம்" என்று மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள். அவன் யார்மீது ஆசைப்படுகிறான் என்பதை அவன் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால் அது நமக்குத் தேவையே இல்லை. அவனைக் கேலி பண்ணுவதைத் தடுக்க அந்த விவரம் எதற்கு? சேலை கட்டி நடித்ததிலிருந்து அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

ஒரு கேள்வியை மட்டும் தயங்காமல் நேராகக் கேளுங்கள். "செத்துப் போகணும்னு எப்பவாவது தோணுதா?" கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி வருவதில்லை. கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்றுதான் பிள்ளைகளுக்கு மூச்சு வருகிறது. ஆம் என்று சொன்னால் அவனைத் தனியே விடாதீர்கள், அன்றைக்கே கிட்டிய வைத்தியசாலைக்கு நம்பிக்கையான ஒருவரோடு அழைத்துப் போங்கள். 1926 தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம், நீங்களே எடுத்து என்ன செய்யலாம் என்று கேட்கலாம். வீட்டில் மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து இருந்தால் அதை அப்புறப்படுத்தவோ பூட்டி வைக்கவோ அம்மாயியிடம் சொல்லுங்கள். இந்த ஒரு கட்டத்தில் இரகசியம் காக்கிறேன் என்று நிற்கக் கூடாது, வீட்டாருக்குத் தெரிய வேண்டும். அப்போதும் சொல்ல வேண்டியது அவன் உயிருக்கு ஆபத்து என்பதைத்தான்.

மற்றபடி, வீட்டுக்குச் சொல்வதானால் இவ்வளவு போதும்: பாடசாலையில் பிள்ளையைக் கிண்டல் பண்ணுகிறார்கள், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அவனை ஏசாதீர்கள். அதையும் அவனிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். 'அவன் அப்படி இருக்கலாம்' என்ற உங்கள் ஊகம் உங்கள் வாயிலிருந்து வெளியே போகவே கூடாது. வெளிநாட்டில் யார் வீட்டிலோ வேலை செய்துகொண்டிருக்கிற அம்மா, இரவு போனில் அதைக் கேட்டு என்ன செய்வார்? அழுவார், அப்பாவை எடுப்பார், அப்பா கொழும்பிலிருந்து கோபத்தோடு வருவார். அந்தக் கோபம் யார்மீது இறங்கும் என்று நமக்குத் தெரியும்.

வயதுக் கோளாறா, மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். தன்பால் ஈர்ப்பு நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17ஆம் திகதி நோய்ப் பட்டியலிலிருந்து அதை நீக்கிவிட்டது. நோய் இல்லாததற்கு மருந்தும் கிடையாது. மாற்றித் தருகிறேன் என்று மந்திரித்துக் கயிறு கட்டுகிறவரிடமோ, ஜெபம் பண்ணுகிறவரிடமோ, கிளினிக் வைத்திருக்கிறவரிடமோ யாரும் அவனைக் கூட்டிப்போக விட வேண்டாம்.

சட்டம் பற்றிய பயத்துக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தன்பால் உறவைக் குற்றமாக்குகிற, நம் தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365ஏ பிரிவுகள் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வருபவை. அவற்றைத் திருத்தக் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது, ஆனால் அது சட்டமாகவில்லை. அந்தப் பிரிவுகள் செயல்களைத்தான் குற்றமாக்குகின்றன. ஒரு பிள்ளையைக் கேலியிலிருந்து காப்பாற்றுவதையோ, அதைப் பற்றி வகுப்பில் பேசுவதையோ அவை தொடுவதில்லை. நேர்மாறாக, 1995இல் அதே சட்டக் கோவையைத் திருத்தியபோது 308ஏ என்ற பிரிவு புதிதாக வந்தது. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருக்கிறவர் அந்தப் பிள்ளையைக் கொடுமைப்படுத்துவதும் புறக்கணிப்பதும் குற்றம் என்கிறது அது. அதிபருக்கும் இது தெரிந்திருப்பது நல்லது.

அதிபரிடம் இனி வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு சிறிய கொப்பி வாங்கி, இரண்டு வாரத்துக்குத் திகதி, இடம், சொன்ன சொல், சொன்னவர் பெயர் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். சொல்லை அப்படியே எழுதுங்கள், எழுதக் கை கூசினாலும். 'விளையாட்டு' என்று சொன்னவருக்கு, தன் பாடசாலையில் இரண்டு வாரத்தில் ஒரு பிள்ளையைப் பார்த்து எத்தனை தரம் என்னென்ன சொன்னார்கள் என்று வரிசையாக வாசிக்கும்போது அதே சொல் வாயில் வராது. ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அப்படியும் அசையாவிட்டால் வலயக் கல்வி அலுவலகம் இருக்கிறது, பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இருக்கிறது.

அந்த நண்பனை நீங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அவனை விட்டுப் போக மனமில்லை. அவன் துரோகம் செய்துவிட்டான் என்று நினைக்காதீர்கள். அவனும் பதினைந்து வயதுப் பிள்ளை, பயந்துபோயிருக்கிறான். பாதையில் இறங்கித் தேயிலை மலை வழியே ஒன்றாக வீட்டுக்கு நடந்தவர்கள், இப்போது ஒருவன் முன்னால் வேகமாகவும் மற்றவன் பின்னால் மெதுவாகவும் போய்க்கொண்டிருப்பார்கள். அவனைக் கூப்பிட்டு, "அவனோட சேரு" என்று கட்டளை போடாதீர்கள். "உன்னையும் சேர்த்துச் சொல்லுவாங்கன்னு பயமா இருக்கா?" என்று மட்டும் கேளுங்கள். வகுப்பில் அந்தச் சொல் நிற்க ஆரம்பித்தால், அவன் தானாகத் திரும்பி வரக்கூடும்.

நாடக ஆசையை நான் கொல்ல விரும்பவில்லை, தள்ளிப் போடத்தான் சொல்கிறேன். நீங்கள் தமிழ் ஆசிரியை, உங்கள் கையில் பெல்ஜியப் படத்தைவிட நெருக்கமான ஒன்று இருக்கிறது. மாசி மாதத்தில் நம் தோட்டங்களில் காமன் ஊன்றி ஆடுகிற கூத்தில், ரதி வேடத்தை ஆண்கள்தான் கட்டி ஆடி வந்திருக்கிறார்கள். தப்பு முழங்க ரதியும் மதனும் லயத்துக்கு லயம் வரும்போது, அது யார் வீட்டுப் பையன் என்று தெரிந்தும் கிழவிகள் கும்பிட்டிருக்கிறார்கள். மீசையை மழித்து, சேலை கட்டி, மன்மதனுக்காக அழுத அந்த ஆளை யாரும் ஒன்பது என்று கூப்பிடவில்லை. உங்கள் மாணவர்களின் தாத்தாக்களில் ஒருவரே ரதி கட்டியவராக இருக்கலாம். அடுத்த வருடம், இந்தச் சூடு ஆறிய பிறகு, அப்படி ஒருவரை வகுப்புக்குக் கூப்பிட்டுப் பாடச் சொல்லுங்கள். அவனை முன்னால் உட்கார வைக்காதீர்கள், அவனைப் பாடவும் சொல்லாதீர்கள். அவனாகக் கை உயர்த்தினால் பார்க்கலாம்.

ஸ்டிக்கர் விஷயத்துக்குத் திங்கட்கிழமைவரை காத்திருக்க வேண்டாம். அந்தக் குழுவில் நீங்களும் இருந்தால், அல்லது வகுப்புத் தலைவனின் இலக்கம் உங்களிடம் இருந்தால், ஆதாரத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொண்டு, அந்தப் படத்தை எல்லாரும் அழித்துவிடச் சொல்லி இன்றிரவே எழுதுங்கள். கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். அவனும் அந்தக் குழுவில் இருப்பான், படுக்கப் போகுமுன் அதைப் பார்ப்பான்.